சின்ன ரூம் சீலிங்

பிப்ரவரி 2, வியாழன்

மலையைக் குடையும் மகராசருக்கு,

முதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டே இதைப் படிக்க வேண்டாம். உட்கார்ந்தாச்சா?

நமக்குக் குழந்தை கிடைச்சிருக்கு.

இன்னைக்குக் காலையில பேக்கரியில ஒரு கல்யாணக் கேக்குக்கு மூணாவது அடுக்கு ஐசிங் பூசிக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சது. என் கை முழுக்க கிரீம். ஓனரம்மாதான் போனை எடுத்து என் காதுல வச்சுப் பிடிச்சாங்க. தத்து அலுவலகத்துல இருந்து. "பொண்ணு, அஞ்சு வயசு. உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமா?"ன்னு கேட்டாங்க. எனக்குக் குரலே வரல. வாயைத் திறக்கிறேன், மூடுறேன், மீன் மாதிரி. ஓனரம்மாவுக்குப் பொறுக்கல. போனை அவங்க பக்கம் திருப்பி, "சம்மதம்னு எழுதிக்கோங்க"ன்னு கத்திட்டாங்க. இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது நாம, சம்மதம் சொன்னது பேக்கரி ஓனர்.

உங்களைக் கேக்காம முடிஞ்சு போச்சு. உங்க மலைக்குப் போன் எட்டாது, நான் என்ன பண்ணட்டும். இந்த லெட்டரே சனிக்கிழமை சாமான் லாரி ஏறித்தான் உங்க கைக்கு வரணும்.

மாசக் கடைசியில ஒரு அதிகாரியம்மா வீட்டைப் பார்க்க வருவாங்களாம். குழந்தை எங்க படுக்கும், எங்க விளையாடும், எல்லாம் பார்த்துட்டுத்தான் அனுப்பலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்.

இப்ப இன்னொரு சேதி. வீட்டுக்கு வந்ததும் நேரா சின்ன ரூமுக்குத்தான் போனேன். கட்டிலை எங்க போடலாம்னு தரையில சுவரோரமா படுத்துப் பார்த்தேன், அப்புறம் ஜன்னலோரமா படுத்துப் பார்த்தேன். எந்திரிச்சு சமையலறைக்குப் போயிருப்பேன், பின்னால படார்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, நான் கடைசியா படுத்திருந்த அதே இடத்துல சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடக்கு. பெரிய கேக் தட்டு அளவு இருக்கும். எனக்கு ஒண்ணும் ஆகல. அங்க ஒரு குழந்தை படுத்திருந்தா, அப்படின்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல நினைக்காம துடைப்பத்தை எடுத்துக் கூட்டிப் பெருக்கிட்டேன்.

ஆள் வச்சுப் பூசலாமா, நாமே பூசலாமான்னுதான் இப்ப யோசனை. எனக்கென்னவோ நானே பூசிடலாம்னு தோணுது. பன்னிரண்டு வருஷமா ஐசிங் பூசுறேன். அதையே அண்ணாந்து பூசணும், அவ்வளவுதானே.

உங்க எண்ணத்தை எழுதுங்க. பதில் வர்றதுக்குள்ள நான் ஆரம்பிச்சிருந்தா கண்டுக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு பொண்ணோட அம்மா
(சும்மா எழுதிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு.)


பிப்ரவரி 5, ஞாயிறு

அன்பு மனைவிக்கு,

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். இரண்டாவது வரியிலேயே எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு எங்கே போவதென்று தெரியவில்லை. முகாமைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "என்னப்பா, வயிறு சரியில்லையா?" என்றார். "பொண்ணு பொறந்திருக்கு சார், அஞ்சு வயசு" என்றேன். மனுஷன் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வெல்டர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் எல்லாரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். சமையல்காரர் கேசரி கிண்டுகிறேன் என்று கிளம்பி, சர்க்கரை இல்லாமல் உப்புமாவாக முடித்தார்.

சீலிங் விஷயம். நீ தொடாதே. ஆளும் வேண்டாம். நான் பூசுகிறேன்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்கு மறந்து போச்சா? சுரங்கத்தின் கூரைக்குக் கான்கிரீட் பீய்ச்சும் மெஷினை ஓட்டுகிறேன். ஒரு முழு மலை என் தலையில் விழாமல் நிற்கிறது. நம் சின்ன ரூம் எனக்கு எம்மாத்திரம்? இருபதாம் தேதி லீவு கேட்டிருக்கிறேன். இரண்டே நாளில் முடித்துவிடுவேன்.

ஆள் வைப்பதில் எனக்கு ஏன் இஷ்டமில்லை என்று சொல்கிறேன், சிரிக்காதே. நாம் இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது நான் இங்கே மலையில் இருந்தேன். தத்து அலுவலகத்துக்கு நீ தனியாகத்தான் அலைந்தாய். சம்மதம் சொன்னதுகூட உன் ஓனரம்மா. அந்தப் பெண்ணுக்காக நான் இதுவரை ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. அவள் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தெரிவது என் கை வேலையாக இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

இருபது வரை பொறு. அந்த ரூம் கதவைச் சாத்தி வை.

இப்படிக்கு,
அதே பெண்ணின் அப்பா


பிப்ரவரி 9, வியாழன்

என்னங்க,

கதவைச் சாத்தி வைக்கச் சொன்னீங்க. உங்க லெட்டர் வந்தப்ப நான் கதவுக்கு உள்ள இருந்தேன், தலையெல்லாம் பூச்சோட.

முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க. கடையில சின்னதா ஒரு மூட்டை ஜிப்சம் மாவு வாங்கினேன். "கலந்தா சீக்கிரம் பூசிடணும், இல்லைன்னா சட்டியிலேயே கல்லாயிடும்"னு கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். ஐசிங் பதத்துக்குக் கலந்தேன். என்ன வழவழப்பு தெரியுமா, ஒரு வாய் சாப்பிடலாம் போல இருந்தது. மேசை மேல ஏறி, கரணையில அள்ளி அப்பினேன். ஒட்டிக்கிச்சு. இறங்கி வந்து கீழே நின்னு, அண்ணாந்து, வாயைப் பிளந்துக்கிட்டு அழகு பார்த்தேன். அங்கதான் தப்புப் பண்ணேன். மொத்தமும் மூஞ்சி மேல வந்து இறங்குச்சு. தனியாவும் வரல. பக்கத்துல நல்லா இருந்த பழைய பூச்சையும் துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்தது. கேக் தட்டு அளவு இருந்த ஓட்டை இப்ப சாப்பாட்டு மேசை அளவு.

கேக்குல தப்பு வந்தா மேல ஒரு கிரீம் பூவை வச்சு மறைச்சிடுவேன். இதுக்கு எந்தப் பூவை வைக்க?

அதுக்கப்புறம்தான் ஒரு பூச்சு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். நம்ம பேக்கரிக்கு தினமும் பன் வாங்க வர்ற அம்மாதான். ஐம்பது வயசு இருக்கும். வாய் ஒரு நிமிஷம் மூடாது, சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வர மாட்டாங்க. வந்து நின்னதும் கேட்ட முதல் கேள்வி, "இதை எந்தப் புண்ணியவதி பூசினது?"

"எலி"ன்னேன்.

"எலி நல்லாத்தான் கலக்கியிருக்கு. பூசத்தான் தெரியல"ன்னாங்க.

துடைப்பக் கட்டையை எடுத்து சீலிங் முழுக்கத் தட்டிக்கிட்டே வந்தாங்க. சில இடத்துல டக் டக்னு கெட்டியா கேக்குது. மத்த இடமெல்லாம் பொத் பொத்துனு. பாதிக்கு மேல பூச்சு தளத்தை விட்டு விலகி, சும்மா தொங்கிக்கிட்டு இருக்காம். ஒட்டுப் போட்டு ஒப்பேத்த முடியாது, முழுசா கொத்தி இறக்கணும்னு சொல்லிட்டாங்க. காரணமும் கண்டுபிடிச்சாங்க. மாடியில இருக்கிற டிரில் மாஸ்டர் வீட்டுக் குளியலறையில இருந்து தண்ணி இறங்குது. அதை நிறுத்தாம யார் பூசினாலும் நிக்காது. உங்க மெஷினே வந்தாலும் நிக்காது.

அதனால இதுதான் என் முடிவு. கொத்தி இறக்குறது நான். பூசுறது அவங்க. நீங்க இருபதாம் தேதி வந்து, அப்புறம் பூசினா, அதிகாரியம்மா வர்றதுக்குள்ள காயாது. அதோட, உங்க மெஷின் ஒரு நிமிஷத்துல துப்புறதை நம்ம வீடு தாங்காதுங்க. ஜன்னல் வழியா தெருவுக்கு வந்துடும்.

உங்க ஆசை எனக்குப் புரியாம இல்லை. ரெண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் எழுதுறேன்.

எலி


பிப்ரவரி 12, ஞாயிறு

மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ முடிவெடுத்துவிட்டு எனக்குச் சொல்லியிருக்கிறாய். நல்லது.

இருபதாம் தேதி லீவும் கிடையாது. புதன்கிழமை சுரங்கத்துக்குள் ஓரிடத்தில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதை அடைக்கும் வரை என்னையும் என் மெஷினையும் நகர விட மாட்டார்களாம். ஆக, நீ காத்திருந்தாலும் நான் வந்திருக்கப் போவதில்லை. உன் மேஸ்திரியம்மாவே பூசட்டும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து என் பிள்ளையின் ரூமைச் செய்து கொடுக்கட்டும். நான் இங்கே மலைக்குச் சேவகம் செய்கிறேன்.

நீயே கொத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. நாற்காலி, மேசை மேலெல்லாம் ஏறாதே. சாரம் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிப் போடு. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி, தலைக்கு ஹெல்மெட். விளக்கு ஒயர் இருக்கும், மெயினை அணைத்துவிடு. கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே போ. எப்போதும் கொத்தி முடித்த இடத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் அடுத்த இடத்தைத் தொட வேண்டும். சுரங்கத்தில் நாங்கள் அப்படித்தான் முன்னேறுகிறோம்.

கணவன்


பிப்ரவரி 19, ஞாயிறு

நேற்று லாரி வந்தது. உருளைக்கிழங்கு வந்தது. டீசல் வந்தது. எலக்ட்ரீஷியனுக்கு மூன்று கடிதம் வந்தது, அதில் ஒன்று அவன் மாமியாரிடமிருந்து. உன்னிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. டிரைவரை சீட்டுக்கு அடியில்கூடத் தேட வைத்தேன். ஒரு செருப்பும் அரை பாக்கெட் பிஸ்கட்டும் கிடைத்தன.

சாரத்திலிருந்து விழுந்துவிட்டாயா? கோபமா? கோபம் என்றால் கோபமாகவே எழுது, எனக்கு அது போதும். போன கடிதத்தின் அடியில் 'கணவன்' என்று மொட்டையாக எழுதியது ஒரு வாரமாக உறுத்துகிறது.

யார் பூசினால் என்ன. பூச்சு நிற்க வேண்டும், அவள் நம் வீட்டுக்கு வர வேண்டும். நீ பத்திரமாக இருக்க வேண்டும்.

உன் ஆள்தான்


பிப்ரவரி 23, வியாழன்

என் ஆளுக்கு,

உங்க லெட்டர் இன்னைக்குத்தான் வந்தது. நான் விழல. போன வாரம் எழுதாததுக்குப் பாதிக் காரணம் கோபம், மீதிப் பாதி கை. கொத்திக் கொத்தித் தோள் செத்துப் போச்சு. பேனாவைப் பிடிச்சா தானா நடுங்குது. எல்லாத்தையும் இப்ப மொத்தமா சொல்றேன். நேத்து நடந்ததைச் சொல்லத்தான் பறக்குறேன், ஆனா வரிசையா வரணும்.

டிரில் மாஸ்டரோட ஆரம்பிக்கிறேன். "என் வீட்டுல ஒரு சொட்டு ஒழுகாது"ன்னு ஒரே அடியா அடிச்சார். மேஸ்திரியம்மா சண்டை போடல. ஒரு வாளித் தண்ணியில துணிக்குப் போடுற நீலத்தைக் கலக்கி, அவர் குளியலறைத் தரையில ஊத்திட்டு, "வாங்க சார், கீழ போய் டீ குடிப்போம்"னு கூட்டிட்டு வந்துட்டாங்க. டீ குடிச்சு, அவங்க பொண்ணு கல்யாணக் கதை, மருமகன் கதை எல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நம்ம சீலிங்ல நீலமா ஒரு வட்டம். மாஸ்டர் அதைப் பார்த்ததும் கையைத் தொடையோட ஒட்டி விறைப்பா நின்னுட்டார். மறுநாளே தரை இடுக்கெல்லாம் அடைச்சாச்சு. அதோட விட்டாரா? நான் கொத்த ஆரம்பிச்சதும் இடிபாட்டை அள்ளிக் கொட்ட வந்துட்டார். "லெஃப்ட், ரைட்"னு அவருக்கே சொல்லிக்கிட்டு மாடிப்படி இறங்குவார்.

நீங்க எழுதின மாதிரியேதான் கொத்தினேன். கதவுல இருந்து ஆரம்பிச்சு, கொத்தின இடத்துக்குக் கீழ நின்னு அடுத்த இடம். உங்க மேல அவ்வளவு கோபத்துலயும் ஒரு வார்த்தை மாத்தல. தளம் முழுக்கத் தெரிஞ்சதும் மூணு ஃபேனை அண்ணாந்து வச்சு ராப்பகலா காய விட்டோம்.

நேத்துப் பூச்சு. மேஸ்திரியம்மாவோட சித்தாளுக்குக் காய்ச்சல், வரல. "அப்ப இன்னைக்கு நீதான் என் சித்தாள்"ன்னு சொல்லிட்டாங்க. நான் கலக்கணும், பலகையில வச்சு நீட்டணும், அவங்க இழுப்பாங்க. அந்தக் கையைப் பார்க்கணுமே. ஒரே இழுப்புல இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும். எனக்குப் பொறாமையா இருந்தது. மதியத்துக்குள்ள பாதி சீலிங் முடிஞ்சு, அடுத்த சட்டி கலக்கி, ரெண்டு பேரும் சாரத்து மேல ஏறிட்டோம்.

வாசல் மணி அடிச்சது. மாஸ்டர் போய்த் திறந்தார். வந்தது அதிகாரியம்மா. "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போயிடலாம்னு"ங்கிறாங்க. ஒரு வாரம் முன்னாடி. வீடு முழுக்கத் தூசி. என் இமையில இருந்து பாதம் வரைக்கும் வெள்ளை.

"குழந்தையோட ரூம் எது?"

"இதுதாங்க"ன்னேன், மேல இருந்தபடியே.

அண்ணாந்து பார்த்தாங்க. பாதி வெள்ளை, பாதி மொட்டைக் கான்கிரீட். "கொஞ்சம் இறங்கி வர்றீங்களா? பேசணும்."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மேஸ்திரியம்மா முந்திக்கிட்டாங்க. "இறங்க முடியாதும்மா. கலந்தாச்சு, விட்டா கல்லாயிடும். அவ கைதான் வேலையா இருக்கு, வாய் சும்மாதானே இருக்கு. நீங்க பாட்டுக்குக் கேளுங்க."

எனக்கு அங்கேயே மயக்கம் வந்திருக்கணும். பலகை கையில இருந்ததால வரல.

அதிகாரியம்மா கேட்டாங்க, நான் பலகையை நீட்டிக்கிட்டே பதில் சொன்னேன். ஏன் இந்த வேலைன்னு கேட்டாங்க. விழுந்ததைச் சொன்னேன். நான் பூசி என் மூஞ்சியிலேயே விழுந்ததையும் சொல்லிட்டேன், அப்படியே வாயில வந்துடுச்சு. "கணவர் எங்க?" "மலையில, சுரங்க வேலை." "இந்த வேலையில அவருக்குச் சம்மதமா?" நான் பொய் சொல்லலைங்க. "அவரே வந்து பூசணும்னு ஆசைப்பட்டார். லீவு இல்லை. இப்ப கோபமா இருக்கார். ஆனா எப்படிக் கொத்தணும், எங்க நிக்கணும்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்பினார்"ன்னேன்.

அப்ப மேஸ்திரியம்மா, "ஏம்மா, அந்தக் கை விளக்கை எடுத்துக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தாதான் மேடு பள்ளம் தெரியும்"ன்னாங்க. யார்கிட்ட சொல்றோம்னு ஒரு யோசனை வேண்டாமா? அதிகாரியம்மா கைப்பையைக் கீழ வச்சுட்டு விளக்கை எடுத்துப் பிடிச்சாங்க. கடைசி இழுப்பு வரைக்கும் பிடிச்சாங்க. நடுவுல, "அதோ, அந்த மூலையில ஒரு கோடு தெரியுதே"ன்னு அவங்களே காட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

முடிஞ்சு இறங்கினப்புறம் வீட்டைச் சுத்திப் பார்த்தாங்க. சமையலறை, ஜன்னல் கம்பி, மாடிப்படி எல்லாம். மாஸ்டரை, "நீங்க யாரு?"ன்னு கேட்டாங்க. "மாடி வீடு மேடம். தண்ணி விட்டது நான்தான்"னார். கைப்பையில இருந்த வெள்ளைத் தூளைத் தட்டிக்கிட்டே வாசல் வரைக்கும் போனாங்க. திரும்பி, "எட்டாம் தேதி காலையில ரெண்டு பேரும் குழந்தைகள் இல்லத்துக்கு வாங்க. உங்க பொண்ணைப் பார்க்கலாம்"ன்னாங்க.

உங்க பொண்ணுன்னு சொன்னாங்க. குழந்தைன்னு சொல்லல.

எப்படியாவது வந்துடுங்க.

உங்க ஆளுதான் நானும்


பிப்ரவரி 26, ஞாயிறு

என் சித்தாளுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ஃபோர்மேனிடம் போனேன். வாயால் சொல்ல வரவில்லை, கையில் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு, "அந்த மேஸ்திரியம்மா நம்ம சுரங்கத்துக்கு வருவாங்களா?" என்றார். எட்டாம் தேதி ஒரு நாள் தருகிறாராம். தண்ணீரை இன்னும் முழுதாக அடைக்கவில்லை, அதனால் மறுநாளே திரும்பிவிட வேண்டும். முதல் நாளே அவர் ஜீப்பில் கீழே இறங்கிவிடுவேன்.

எனக்கு இப்போது வருத்தம் கொஞ்சமும் இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது. நீ என் வார்த்தையை மாற்றாமல் கொத்தினாய் என்று படித்தபோது அதிலும் பாதி போய்விட்டது.

அஞ்சு வயசுப் பெண்ணிடம் முதலில் என்ன பேச வேண்டும்? வெல்டருக்கு மூன்று பிள்ளைகள், அவனைக் கேட்டேன். "நீ ஒண்ணும் பேசாதே, பயந்துடும்" என்கிறான். என் நீலச் சட்டையைத் தேய்த்து வை.

உன் ஆள்


மார்ச் 16, வியாழன்

அப்பாவுக்கு,

இனிமே இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

எட்டாம் தேதி இல்லத்துல அவ உங்களைப் பார்த்த பார்வையை நினைச்சுக்கிட்டே நீங்க மலை ஏறியிருப்பீங்க. திங்கட்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ஓனரம்மா வந்தாங்க, மாஸ்டர் படியில நின்னு சல்யூட் அடிச்சார், மேஸ்திரியம்மா அவ கையைப் பிடிச்சு ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், "எப்படி இருக்கு என் வேலை?"ன்னு கேட்டாங்க. "சரி"ன்னா.

எல்லாத்துக்கும் அதே 'சரி'தாங்க. சாப்பிடலாமா, சரி. இன்னும் கொஞ்சம் வைக்கவா, சரி. போதுமா, சரி. தலை வாரும்போது சிக்கு இழுத்து வலிக்குதான்னு கேட்டேன், அதுக்கும் சரி. வந்த இடத்துல யாருக்கும் இடைஞ்சல் இல்லாம இருந்துட்டுப் போகணும்னு நினைக்கிற விருந்தாளி மாதிரி. முதல் நாள் எனக்கு, ஆகா, என்ன சமத்துன்னு இருந்தது. ரெண்டாம் நாள் நெஞ்சு கனத்துப் போச்சு. மூணாம் நாள் பாத்திரம் கழுவுற சாக்குல அழுதேன். ஓனரம்மா, "பொறு"ன்னாங்க. பொறுக்கிறதுதான் எனக்கு வரவே வராதே.

இன்னைக்கு மதியம் சின்ன ரூம்ல தரையில குப்புறப் படுத்து ஏதோ வரைஞ்சுக்கிட்டு இருந்தா. கால் ரெண்டும் மேல ஆடுது. நான் துண்டை எடுத்துக்கிட்டுப் போய், "வாம்மா, குளிக்கலாம்"ன்னேன்.

"மாட்டேன்."

தலையைக்கூட நிமிர்த்தல.

எனக்குக் காதுல சரியா விழலையோன்னு சந்தேகம். "என்ன சொன்னே?"ன்னேன்.

"மாட்டேன்னு சொன்னேன். இதை முடிச்சுட்டுத்தான் வருவேன்."

துண்டை அங்கேயே போட்டுட்டு சமையலறைக்கு ஓடிப் போய், தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சிரிப்பா அழுகையா எனக்கே தெரியல, தோள் மட்டும் குலுங்குது. பின்னால சின்னதா காலடிச் சத்தம். பென்சிலோட வந்து நிக்கிறா.

"கோபமா?"ன்னு கேட்டா.

"இல்லம்மா. இன்னொரு தரம் சொல்லு."

என்னை மேலயும் கீழயும் பார்த்தா. பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு, "மாட்டேன்"னு சொல்லிட்டு ரூமுக்குத் திரும்பிப் போயிட்டா.

அம்மா


மார்ச் 19, ஞாயிறு

அம்மாவுக்கும் மாட்டேன் என்று சொன்னவளுக்கும்,

கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கப் படித்தேன். 'மாட்டேன்' வந்த இடத்தில் வெல்டர் மேசையைத் தட்டினான். சமையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் என்று சமாளிக்கிறார். தண்ணீரை வெள்ளிக்கிழமை அடைத்தாயிற்று. ஃபோர்மேனிடம் லீவு கேட்கப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே, "போய் நீயும் ஒரு மாட்டேன் வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கடிதம் ஏறும் லாரியில்தான் நானும் ஏறுகிறேன். டிரைவர் இதைத் தபாலில் சேர்க்க வேண்டுமா என்று கேட்கிறார். சேர்க்கச் சொல்லிவிட்டேன். அவள் பெயரையும் சேர்த்து எழுதிய உறை, வீணாக்க மனசு வரவில்லை.

கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். மணி அடித்தால் அவளைத் திறக்கச் சொல். மாட்டேன் என்றால் பரவாயில்லை, வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா